கை எலும்பு சொல்லும் வயது
ஒரு படநூலும் அதன் எல்லைகளும்

விஞ்ஞான நூல்களில் படிப்பதற்கென்று எழுதப்படுபவை உண்டு. பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே அச்சிடப்படுபவையும் உண்டு. மடக்கை வாய்பாடு, பஞ்சாங்கம், நட்சத்திரப் படம் ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. எண்கள் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அத்தகைய நூல் ஒன்றைப் பார்த்து, 'இவன் சட்டப்படி சிறுவனா, வயது வந்தவனா?' என்று முடிவு செய்கிறார்கள் என்றால், அந்த நூலைக் கொஞ்சம் உரசிப் பார்க்கத்தானே வேண்டும்?

அப்படி ஒரு நூலைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறோம். வில்லியம் வால்டர் குரூலிக், ஐடெல் பைல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தயாரித்த, கை மற்றும் மணிக்கட்டு எலும்புகளின் வளர்ச்சியைக் காட்டும் எக்ஸ்-ரே படநூல் அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் 1950இல் அதை முதன்முதலாக வெளியிட்டது; இரண்டாம் பதிப்பு 1959இல் வந்தது. மயிலாப்பூரிலோ, தியாகராய நகரிலோ, அடையாறிலோ ஓர் எக்ஸ்-ரே நிலையத்தில் குழந்தையின் இடது கையைப் படம் எடுத்து, 'எலும்பு வயது இவ்வளவு' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அந்தக் கணக்குக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த நூலோ, இதன் போட்டி நூலோ இருக்கும். கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். கைக்குள் இருக்கும் எலும்பைப் பார்க்கக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடி நேராகக் காட்டுகிறதா என்பதே நம் கேள்வி.

கைக்குள் ஒரு ரயில் பாதை

வாசகரே, உங்கள் இடது கையை மேசைமீது விரித்து வையுங்கள். அதில் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் சிறு கூழாங்கற்களைப் போல 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. பெருவிரலுக்கு மட்டும் இரண்டு கணுக்கள், மற்ற விரல்களுக்கு மும்மூன்று. மணிக்கட்டுக்குக் கீழே முன்கையின் இரண்டு எலும்புகள் வந்து முடிகின்றன. பெருவிரல் பக்கம் இருப்பது ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் இருப்பது அரந்தி எலும்பு.

பிறந்த குழந்தையின் கையைப் படம் எடுத்தால் மணிக்கட்டுப் பகுதி காலியாகத் தெரியும். அங்கே ஒன்றுமில்லை என்று பொருளல்ல. அங்கிருப்பது குருத்தெலும்பு. அதில் சுண்ணாம்புச் சத்து படியாததால் எக்ஸ்-கதிர் தடையின்றி ஊடுருவிச் சென்றுவிடுகிறது. சில மாதங்களில் அதன் நடுவே இரண்டு புள்ளிகள் தோன்றுகின்றன. பிறகு ஆண்டுக்கொன்றும் இரண்டுமாக மற்ற எலும்புகள் முளைக்கின்றன. பட்டாணி அளவுள்ள கடைசி எலும்பு பெரும்பாலும் 9 வயதுக்குமேல் 12 வயதுக்குள்தான் தலைகாட்டும்.

நீண்ட எலும்புகளின் கதை வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தண்டும், அதன் நுனியில் தனியாக ஒரு மூடியும் உண்டு. இரண்டுக்கும் நடுவே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் படலம் இருக்கிறது. எலும்பு நீளுவது இங்கேதான். எக்ஸ்-ரே படத்தில் இது கறுப்புக் கோடாகத் தெரியும். பருவ வயது வந்ததும் இந்தக் கோடு சிறிது சிறிதாக மறைந்து, மூடியும் தண்டும் ஒன்றாகிவிடும். முதலில் விரல் நுனி எலும்புகள் இணைகின்றன; கடைசியாக இணைவது ஆரை எலும்பின் மணிக்கட்டு முனை. அதன்பின் அங்கே வளர்ச்சி இல்லை.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர் மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் வண்டி சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம் என்ற வரிசையில்தான் போகும். வரிசை மாறாது. ஆனால் ஒரு வண்டி விரைவாகப் போகும். இன்னொன்று சிக்னலுக்குக் காத்து நிற்கும். எலும்புகள் தோன்றுவதும் இணைவதும் ஏறக்குறைய இப்படித்தான். நிலையங்களின் வரிசை பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றே. நேரம் மட்டும் குழந்தைக்குக் குழந்தை மாறும். வண்டி கோடம்பாக்கத்தில் நிற்பதைப் பார்த்து, 'எத்தனை நிலையங்கள் கடந்தாயிற்று?' என்று திட்டமாகச் சொல்லலாம். 'இப்போது மணி என்ன?' என்று கேட்டால் உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். எலும்பு வயது என்பது நிலையத்தின் பெயர். பிறந்த தேதியிலிருந்து எண்ணும் வயதோ கடிகாரத்தின் மணி. நம் நாட்டில் இவ்விஷயத்தில் நடக்கும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால் வருபவை.

நூலின் சிறப்பு

இனி நூலுக்கு வருவோம். அதில் ஆண்களுக்கு 31 படங்களும், பெண்களுக்கு 27 படங்களும் உள்ளன. ஒவ்வொரு படமும் ஒரு வயதுக்கு உரியது. எதிர்ப்பக்கத்தில், அந்த வயதில் எந்த எலும்பு எந்த நிலையில் இருக்கும் என்ற விளக்கம் இருக்கிறது. டாக்டர் தம் முன் இருக்கும் படத்தை இவற்றோடு ஒப்பிட்டு, எது நெருங்கி வருகிறதோ அதன் வயதை எழுதிக்கொள்கிறார். பழகிய கண்ணுக்குச் சில நிமிட வேலைதான். பெரிய கருவி வேண்டாம், கணக்கும் வேண்டாம். இத்தனை ஆண்டுகளாக இந்த நூல் நிலைத்திருப்பதற்கு இந்த எளிமையே காரணம்.

படங்களைத் தேர்ந்தெடுத்த முறையும் பாராட்டத்தக்கது. ஒரே வயதுள்ள, ஒரே பாலினத்தைச் சேர்ந்த 100 குழந்தைகளின் படங்களை வளர்ச்சி குறைந்ததிலிருந்து மிகுந்ததுவரை வரிசைப்படுத்தி, நடுவில் நின்றதைப் பொறுக்கியெடுத்தார்கள். அந்தக் குழந்தைகள் யார் என்பதையும் ஆசிரியர்கள் மறைக்கவில்லை. டி. விங்கேட் டாட் என்பவர் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் 1931ஆம் ஆண்டு முதல் நடத்திவந்த பிரஷ் அறக்கட்டளை ஆய்வில் பங்குகொண்ட வெள்ளையர் வீட்டுக் குழந்தைகள் அவர்கள். வசதியிலும் கல்வியிலும் சராசரிக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். குழந்தைகளின் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறதா, தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா, இன்னும் எவ்வளவு உயரம் வளர இடமிருக்கிறது என்பன போன்ற மருத்துவக் கேள்விகளுக்கு இந்த நூல் நல்ல துணை. அங்கே டாக்டருக்குக் குழந்தையின் உண்மை வயது முன்பே தெரியும். எலும்பு வயது அதற்கு முந்துகிறதா, பிந்துகிறதா என்பதே அவருடைய கேள்வி. நூல் எழுதப்பட்டதும் அதற்காகத்தான்.

குறை எங்கே?

முதற்குறை, 'நடுவில் நின்ற படம்' என்பதிலேயே அடங்கியிருக்கிறது. 100 பேரில் நடுவில் நின்றவன் ஒருவன். மற்ற 99 பேரும் அதே வயதினர்தாம்! அவர்களில் சிலருடைய எலும்புகள் முந்தைய ஆண்டின் படத்தோடும், சிலருடைய எலும்புகள் அடுத்த ஆண்டின் படத்தோடும் பொருந்தியிருக்கும். நூலை விரித்தவுடன் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒருவன் மட்டுமே. 99 பேரும் பின்னட்டைக்கு அப்பால் நிற்கிறார்கள். பரவல் எவ்வளவு என்று காட்டும் அட்டவணைகள் நூலில் இல்லாமல் இல்லை. ஆனால் படத்தைப் பார்ப்பவர்களில் எத்தனை பேர் அட்டவணையைப் புரட்டுகிறார்கள்?

இரண்டாவது, படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி. குழந்தைப் பருவத்தில் சில மாதங்களுக்கு ஒரு படம் உண்டு. விடலைப் பருவத்தில் அந்த இடைவெளி ஏறத்தாழ ஓராண்டாகிவிடுகிறது. மிகத் துல்லியம் தேவைப்படும் இடத்தில்தான் படிகள் அகலமாக இருக்கின்றன.

மூன்றாவது, அவை 1930களின் குழந்தைகளுடைய கைகள். அந்தக் காலத்துக்குப் பிறகு உணவும் நோய்த் தடுப்பும் மாறி, பல நாடுகளில் குழந்தைகள் முன்னதாகவே பருவமடைகிறார்கள். 1959க்குப் பின் நூல் பல முறை அச்சானது, படங்கள் மாறவில்லை.

போட்டி நூல் என்றேனே, அது இங்கிலாந்தில் உருவானது. டானர், வைட்ஹவுஸ் ஆகிய இருவரும் முழுக் கையை ஒரே பார்வையில் ஒப்பிடுவதை ஏற்கவில்லை. ஒவ்வோர் எலும்புக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, கூட்டுத் தொகையை வயதாக மாற்றும் முறையை வகுத்தார்கள். 1975இல் வந்த அவர்களது இரண்டாவது முறையில் 20 எலும்புகள் கணக்கில் வருகின்றன. 2001இல் வந்த மூன்றாவது முறையில் வயதுக் கணக்குகள் புதிய தகவல்களைக்கொண்டு திருத்தப்பட்டன. அதில் பெரிதும் பயன்படுவது 13 எலும்புகளின் மதிப்பெண்: ஆரை, அரந்தி, மற்றும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் வரிசைகளில் உள்ள 11 எலும்புகள். இது உழைப்பு மிகுந்த முறை; பார்ப்பவரின் மனப்போக்குக்கு இதில் இடம் குறைவு. ஆனாலும் மதிப்பெண்ணை வயதாக மாற்றும் கடைசிப் படியில், ஏதோ ஓர் ஊரின் குழந்தைகளைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஊர் நம் ஊர் அன்று.

நிழலை அளப்பது எப்படி?

'வடிவத்தைப் பார்ப்பதில்தானே இத்தனை சந்தேகம்? ஸ்கேலை வைத்து நீளத்தையே அளந்துவிட்டால் என்ன?' என்று மாணவ வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளங்கையிலும் விரல்களிலும் உள்ள 19 நீள எலும்புகளுக்கும் வயதுவாரியான நீள அட்டவணைகளை, ஸ்டான்லி கார்ன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தம் கூட்டாளிகளுடன் 1972இல் வெளியிட்டார். ஆனால் எக்ஸ்-ரே படம் எலும்பின் புகைப்படம் அன்று; அதன் நிழல். நிழலுக்கென்று சில குணங்கள் உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். சுவரிலிருந்து 100 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சிறிய டார்ச் விளக்கை வையுங்கள். 9 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குச்சியைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, சுவருக்கு இணையாகப் பிடியுங்கள். நிழலின் நீளம் 10 சென்டிமீட்டர் இருக்கும். விளக்கிலிருந்து குச்சிக்கு 90, சுவருக்கு 100. ஆகவே நிழல் 90க்கு 100 என்ற விகிதத்தில் பெருகுகிறது. குச்சியைச் சுவருக்கு 1 சென்டிமீட்டர் வரை நெருக்கினால் நிழல் ஏறக்குறைய 9.1 ஆகச் சுருங்கும். உள்ளங்கையைப் படத்தட்டின்மீது நன்றாகப் பதிய வைக்கச் சொல்வது இதற்காகத்தான். பதிய வைத்தால் பிழை நூற்றுக்கு ஒன்று அளவில் நிற்கும்.

அடுத்து, அதே குச்சியைச் சாய்த்துப் பிடியுங்கள். நிழல் குறுகுகிறது. 65 மில்லிமீட்டர் நீளமுள்ள உள்ளங்கை எலும்பு ஒன்று 10 டிகிரி சாய்ந்தால் 64 மில்லிமீட்டராகத் தெரியும். 20 டிகிரி சாய்ந்தால் 61 ஆகிவிடும். வலியால் விரலை நீட்ட முடியாத நோயாளியும், அழுது கையை இழுத்துக்கொள்ளும் குழந்தையும் படத்தில் குட்டை எலும்புக்காரர்களாகிவிடுவார்கள். பெருக்கத்தினால் நீளும், சாய்வினால் குறையும். இரண்டும் சேர்ந்தால் எது எவ்வளவு என்று படத்தைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான பரிகாரம், நீளத்தை விட்டு விகிதத்தைப் பிடிப்பது. பார்னெட், நார்டின் என்ற இருவர் 1960இல் எலும்பு மெலிவைக் கண்டறிய இந்த வழியைக் கையாண்டார்கள். சுட்டுவிரலுக்குக் கீழுள்ள உள்ளங்கை எலும்பின் நடுப்பகுதியில், மொத்த அகலத்தையும், உட்கூட்டின் அகலத்தையும் அளந்தார்கள். மொத்தம் 8 மில்லிமீட்டர், உட்கூடு 4 என்றால் கெட்டியான சுவர் 4. அதாவது நூற்றுக்கு 50. படம் நூற்றுக்கு 5 பங்கு பெருகியிருந்தால் 8.4, 4.2 என்று தெரியும். விகிதம் அதே 50. பெருக்கம் தானாக அடிபட்டுப் போகிறது. ஆனால் அளப்பவரின் கை தவறினால் பரிகாரம் கிடையாது. உட்கூட்டை 4க்குப் பதில் 4.3 என்று படித்தால் விடை 46 ஆகிவிடும். மில்லிமீட்டரில் மூன்றே பத்திலொரு பங்கு, ஒருவரின் எலும்பை வலிவிலிருந்து மெலிவுக்குத் தள்ளப் பார்க்கிறது!

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. சுண்டுவிரல், மோதிரவிரல் இரண்டின் உள்ளங்கை எலும்புகளின் தலைகளைத் தொட்டவாறு ஒரு நேர்கோடு வரைந்து நீட்டினால், அது நடுவிரலின் உள்ளங்கை எலும்புத் தலைக்கு மேலே போக வேண்டும். தலையை வெட்டிக்கொண்டு போனால் மோதிரவிரலின் எலும்பு குட்டை என்று அறியலாம். பெண் குழந்தைகளிடம் காணும் டர்னர் குறைபாடு போன்றவற்றுக்கு இது ஒரு சாடை. உறுதியான சான்று அன்று, நலமாயிருப்பவர்களிடமும் காணலாம். ஒன்றை மறக்காதீர்கள்: இன்று நிலையங்களில் தரும் படங்கள் பெரும்பாலும் சுருக்கி அச்சிடப்பட்டவை. அவற்றின்மேல் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பது வீண். விகிதமும் கோடும் மட்டுமே அங்கே செல்லும்.

சென்னையின் பங்கு

சென்னை இத்துறையில் பின்தங்கியிருந்த ஊர் அன்று. ராண்ட்கன் தம் மனைவியின் கையை 1895 டிசம்பர் 22ஆம் தேதி படம் எடுத்தார். உலகில் முதலில் புகழ்பெற்ற எக்ஸ்-ரே படமே ஒரு கையின் படந்தான். 1934இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் அமைந்தது. 1936இல் எம். ஜே. எஸ். பிள்ளை என்பவர், எலும்பு முனைகள் இணைவதைக்கொண்டு தென்னிந்தியரின் வயதைக் கணிப்பது பற்றிய ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வு இதழில் வெளியிட்டார். மறு ஆண்டு வங்காளத்தைச் சேர்ந்த கால்ஸ்டன் தம் விரிவான ஆய்வை அதே இதழில் வெளியிட்டார். அமெரிக்கப் படநூல் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 'அந்நிய அளவுகோல் நமக்குப் பொருந்துமா?' என்ற கேள்வியை நம்மவர் எழுப்பிவிட்டனர் என்பது பெருமைக்குரியது. அக்காலத்து இந்திய ஆய்வுகள் பெரும்பாலும், ஐரோப்பியப் பாடநூல்கள் குறித்த வயதுக்கு முன்னதாகவே இங்கே எலும்புகள் இணைவதைக் காட்டின.

ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. இந்த ஆய்வுகளின் எண்கள் நம் சட்ட மருத்துவ நூல்களில் அட்டவணையாக ஏறி, தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டப்பட்டு வருகின்றன. அவையும் 1930களின் உடல்கள்தாம். அன்று பிறப்புப் பதிவே அரிதாயிருந்த நாட்டில், ஆய்வுக்கு வந்தவர்களின் சொந்த வயது எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியும் இருக்கிறது. கிளீவ்லாந்தின் பழைய படத்துக்கு மாற்று, சென்னையின் பழைய அட்டவணை ஆகிவிடாது.

கடற்கரை நிலையத்தில் நின்ற வண்டி

இப்போது இந்தக் கேள்வியால் பாதிக்கப்படுபவர்களைப் பார்ப்போம்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, வயதைத் தீர்மானிக்க ஒரு வரிசை வகுத்திருக்கிறது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது மெட்ரிகுலேஷன் சான்றிதழ். அது இல்லையேல் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இவை எதுவும் இல்லாதபோதுதான் எலும்புச் சோதனை. சட்டம் எக்ஸ்-ரேயைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தது சரியே. பள்ளிக்கூடம் போகாதவன், பிறப்பு பதியப்படாதவன், வீட்டை விட்டு ஓடிவந்தவன், செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்டவன் ஆகியோர்தாம் அந்தக் கடைசி வரிசைக்கு வருகிறார்கள். காகிதம் உள்ளவனுக்குக் காகிதம் பேசும். இல்லாதவனுக்கு எலும்பு பேச வேண்டும்.

1982இல் ஜயமாலா வழக்கில் உச்ச நீதிமன்றம், எக்ஸ்-ரே மூலம் கணித்த வயதில் இரு பக்கமும் இரண்டிரண்டு ஆண்டுகள் பிழை இருக்கலாம் என்று குறிப்பிட்டது. இது நீதிபதிகள் கருணையால் போட்ட கணக்கு அன்று. விடலைப் பருவத்தில் எலும்பு வயதின் திட்ட விலக்கம் சுமார் ஓராண்டு. புள்ளியியலில் திட்ட விலக்கத்தைப்போல இரு மடங்கு இருபுறமும் எடுத்தால்தான் 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் அதற்குள் அடங்குவர். அதுவே முன்னும் பின்னும் இரண்டு ஆண்டு. அறிக்கையில் '17' என்று இருந்தால் அதன் பொருள் '15 முதல் 19 வரை' என்பதாகும். '18 ஆயிற்றா, இல்லையா?' என்ற கேள்விக்கு இது விடையாகுமா?

இன்னொரு தடையும் உண்டு. நம் மின்சார வண்டி கடற்கரை நிலையத்தை அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இப்போதுதான் வந்ததா, ஒரு மணி நேரமாக நிற்கிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கை எலும்புகள் எல்லாம் இணைந்தபின் நிலைமை இதுதான். டானர்–வைட்ஹவுஸ் மூன்றாவது முறையில் ஆணின் கணக்கு 16.5 வயதோடும், பெண்ணின் கணக்கு 15 வயதோடும் முடிந்துவிடுகிறது. குரூலிக்–பைல் நூலில் ஆணின் கடைசிப் படம் 19, பெண்ணின் கடைசிப் படம் 18. ஆகவே 'கை எலும்புகள் முற்றும் இணைந்துவிட்டன. எனவே 18 நிரம்பியவர்' என்று எழுதுவது, நூல் சொல்லாததை நூலின் வாயில் திணிப்பதாகும். பெண்களுக்கு எலும்புகள் ஆண்களைவிட ஏறக்குறைய இரண்டாண்டு முன்னதாக முதிர்வதால் இந்தத் தவறு அவர்களையே அதிகம் தாக்கும். 16 வயதுப் பெண்ணொருத்தி, கையெலும்பு இணைந்துவிட்ட ஒரே காரணத்தால், குழந்தைகளுக்கென்று சட்டம் தரும் பாதுகாப்பை இழந்து நிற்கலாம்.

விளையாட்டிலும் இதே கதைதான். இந்திய கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கும், 15 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கும் டானர்–வைட்ஹவுஸ் மூன்றாவது முறைப்படி வயதைச் சோதிக்கிறது. வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியைத் தடுக்க இது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு முறை கிடைத்த எலும்பு வயதோடு அடுத்த ஆண்டுக்கு 1 கூட்டிக்கொள்ளும் வழக்கம் அதில் இருந்தது. பருவ வயதில் எலும்பு நாட்காட்டியைப் பார்த்து முதிர்வதில்லை. ஓராண்டில் ஒன்றரை ஆண்டு முதிர்வதும் உண்டு. அரை ஆண்டு முதிர்வதும் உண்டு. அந்தக் கூட்டலால் தகுதி இழப்பவர்களுக்கு இரண்டாவது சோதனை என்று 2025இல் வாரியம் ஏற்பாடு செய்தது நல்ல திருத்தம். இருந்தாலும், தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானத்தில் பந்து வீசும் 15 வயதுப் பையன் ஒருவன், உடல் சீக்கிரம் முதிர்ந்தவன் என்பதற்காகப் பொய்யன் என்று பெயர் வாங்கக் கூடாதல்லவா? நல்ல உணவு உண்டு பருமனாக வளரும் பையனின் எலும்பு முந்தும். அரைவயிறு உண்ணும் பையனின் எலும்பு பிந்தும். இருவரும் ஒரே நாளில் பிறந்திருக்கலாம்.

இயந்திரம் தீர்ப்புச் சொல்லுமா?

'இப்போது கணினியே எலும்பு வயதைச் சொல்லிவிடுகிறதே' என்பீர்கள். உண்மை. 2017இல் வட அமெரிக்கக் கதிரியல் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. 12,000க்கு மேற்பட்ட கைப் படங்களைக் கொடுத்து, கணினிகளுக்குப் பயிற்சி அளிக்கச் சொன்னார்கள். வென்ற குழுவின் சராசரிப் பிழை 4 மாதங்களை ஒட்டியிருந்தது. கேட்பதற்கு வியப்பாக இருக்கிறது. ஆனால் 4 மாதம் எதிலிருந்து விலகியது என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளின் பிறந்த தேதியிலிருந்து அன்று. டாக்டர்கள் அதே குரூலிக்–பைல் நூலைப் பார்த்து இட்ட எலும்பு வயதிலிருந்து! இயந்திரம் நூலைப் பிழையின்றி ஒப்பிக்கக் கற்றுக்கொண்டது. நூலில் உள்ள கிளீவ்லாந்து அதற்குள்ளும் குடியேறிவிட்டது. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் வரும் வேறுபாடு இதனால் குறையும், அது நல்லதே. குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடு ஒரு நாள்கூடக் குறையாது. முன்னது அளப்பவரின் பிழை. பின்னது இயற்கையின் விரிவு. இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வது, எந்த அளவீட்டையும் படிக்கும் மாணவருக்கு முதற்பாடம்.

முடிவாக

குரூலிக்–பைல் நூலை ஒதுக்கிவிட வேண்டும் என்று இவ்வளவும் சொல்லவில்லை. குழந்தை மருத்துவருக்கு அது இன்றும் உதவும் நூல். கையைப் படம் எடுப்பதில் உடலில் படும் கதிர்வீச்சும் ஒரு மில்லிசீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நோயறிய எடுக்கும்போது அஞ்சத் தேவையில்லை. குறை நூலில் இருப்பதைவிட, அதனிடம் நாம் கேட்கும் கேள்வியில் அதிகமாக இருக்கிறது. 'இந்தக் குழந்தை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது?' என்று கேட்டால் அது நேர்மையாக விடை சொல்லும். 'இவன் எந்தத் தேதியில் பிறந்தான்?' என்று கேட்டால் அதற்கு விடை தெரியாது.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். எலும்பு வயது அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாமல், 'இதிலிருந்து இதுவரை' என்ற எல்லையையும், எந்த நூலைக்கொண்டு கணித்தது என்பதையும் எழுத வேண்டும். பிறந்த தேதி உறுதியாகத் தெரிந்த நம் குழந்தைகளின் கைகளைக்கொண்டு நம் அளவுகோலை நாமே வகுத்து, தலைமுறைக்கு ஒரு முறை திருத்த வேண்டும். பிள்ளை 1936இல் தொடங்கிய வேலை அது, பாதியில் நிற்கிறது. மூன்றாவது, எல்லாவற்றிலும் மலிவானது: பிறப்பைப் பதிவு செய்வது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969ஆம் ஆண்டே வந்துவிட்டது. 2023 அக்டோபர் 1ஆம் தேதி முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளிச் சேர்க்கை முதலிய பல காரியங்களுக்கும் வயதுச் சான்று என்றாகியிருக்கிறது.

வாசகரே, உங்கள் வீட்டிலும், உங்கள் வீட்டில் வேலை செய்பவர் வீட்டிலும், தெருமுனையில் கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பத்திலும் குழந்தைகளின் பிறப்பு பதியப்பட்டிருக்கிறதா என்று இந்த வாரம் விசாரித்துப் பாருங்கள். பதியப்படாவிட்டால் மாநகராட்சி அலுவலகத்துக்கு வழி காட்டுங்கள். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், நாளை எந்தக் குழந்தையும் தன் வயதை நிரூபிக்கக் கிளீவ்லாந்துக் குழந்தைகளின் நிழலோடு தன் கையை ஒப்பிட்டுக் காட்ட நேராது.